சவிரிமுத்துவுக்கு நான் சொன்ன பெயர்

"இவரின் பெயர் என்ன?"

கேட்டவர் ஷெரிப்பின் ஆள். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். தேவாலயத்தின் நிலக்கீழ்ச் சமையலறை அது. மேசையில் ஒரு கடுதாசி, ஒரு நீலப் பேனை. அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்து மணந்துகொண்டிருந்தது. இறக்கிவைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பக்கத்து அறையில், பிங்பொங் மேசையின் மேல், சாம்பல் நிறக் கம்பளியால் மூடியபடி சவிரிமுத்து கிடந்தான்.

"சிவஞானம்" என்றேன். "நல்லதம்பி சிவஞானம்."

எழுத்துக் கூட்டச் சொன்னார். எனக்கு எங்கே இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரியும்? பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தேன். பார்த்து எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் முதல் லொறி வாங்கிய கதையைப் படித்துவிட்டுப் பலபேர் ரெலிபோன் எடுத்துப் பாராட்டினீர்கள். இந்த வாரம் எடுக்கமாட்டீர்கள். எடுக்கவும் வேண்டாம்.

ஆப்பிளும் இரும்பும்

எங்கள் ஆட்களுக்கு அமெரிக்கா என்றால் நியூயோர்க் கட்டிடங்கள்தான். எனக்கு அமெரிக்கா என்றால் ஒரே ஒரு கவுண்டி. மொன்றியலில் இருந்து தெற்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். கவுண்டி என்பது நம்முடைய மாவட்டம் மாதிரி. அதற்கென்று ஒரு நீதிமன்றம், ஒரு ஷெரிப், ஒரு மறியற்சாலை. பெயரைப் போட வேண்டாம் என்று என் மகன் சொல்லியிருக்கிறான். போடவில்லை.

கிழக்கே ஒரு பெரிய ஏரி. மேற்கே மலை. ஏரிப் பக்கம் ஆப்பிள், நடுவில் மாடும் புல்லும், மலையில் இரும்புச் சுரங்கம். இரும்பு முடிந்து சுரங்கம் மூடவில்லை. வாங்க ஆள் இல்லாமல் மூடியது. பிறகு ரயிலும் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அந்தத் தடத்தில் இப்போது பனிக்காலத்தில் மோட்டார் சறுக்கு வண்டி ஓடுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று கேட்கவேண்டாம். பதினெட்டு வருடம் அந்த றோட்டால் லொறி ஓடியவன் நான். ஒரு ஊரின் சரித்திரம் அதன் றோட்டில் கிடக்கிறது. பூட்டிய கடையை எண்ணினால் போதும்.

அங்கே தீயணைப்புப் படை சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை. பால் கறப்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், சவப்பெட்டி செய்பவர் எல்லாரும் அதில் ஆட்கள். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். படைக்குச் சாமான் வாங்க, கோடைக்கால ஞாயிறுகளில் றோட்டோரம் கோழி வாட்டி விற்பார்கள். வினாகிரியும் முட்டையும் எண்ணெயும் அடித்துப் பூசிய கோழி. அந்தப் புகை வாசம் வந்தால் கவுண்டி எல்லை தொடங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது கோழி வாட்டும் காலத்தில் இல்லை. எண்பதுகளில் ஒரு மாசி மாதம். அகதி என்று எல்லையில் போய் நின்றவர்களை, 'இந்தத் தேதிக்கு வா' என்று ஒரு துண்டைக் கொடுத்துக் கனடாக்காரர் அமெரிக்கப் பக்கமே திருப்பி அனுப்பிய காலம். பெற்றோல் நிலையத்தில் நின்று விறைத்துக்கொண்டிருந்த பதினொரு பேரைத் தீயணைப்புப் படைதான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து தேவாலயத்தின் கீழே விட்டது. அந்தப் பதினொரு பேரில் நானும் சவிரிமுத்துவும்.

கடலைப் பூட்டி வைத்தவர்கள்

சவிரிமுத்து மன்னார், பேசாலைக்காரன். கடல்தொழில். கொழும்பில் ஏஜென்சிக்காரனின் அறையில்தான் அவனை முதலில் கண்டேன். அவனுக்குச் சொந்தப் பாஸ்போட் கிடைக்கவில்லை. சிவஞானம் என்ற ஒருவனுடைய பாஸ்போட் புத்தகத்தில் இவனுடைய படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். என்னுடையது சொந்தப் பாஸ்போட். அதில் எனக்கு அப்போதே ஒரு பெருமை, ஒரு கெப்பர்.

ஏஜென்சிக்காரன் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் சொல்லித் தந்திருந்தான். "கனடாக்காரன்ர மேசையில இருந்து வாய் திறக்கேக்கதான் சொந்தப் பேர். அதுக்கு முதல் செத்தாலும் புத்தகத்தில இருக்கிற பேர்." பகிடியாகத்தான் சொன்னான். நாங்களும் சிரித்தோம்.

ஏரி உறைந்து கிடந்தது. ஆட்கள் பனிக்கட்டியில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து அதில் குந்தி மீன் பிடித்தார்கள். சவிரிமுத்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் குணம், இவங்கள் கடலைப் பூட்டி வைச்சிட்டுத் திறப்பு ஓட்டையால மீன் பிடிக்கிறாங்களடா!"

அடுத்த நாள் அவனும் ஒரு வாளியில் குந்தியிருந்தான். பின்னேரம் முப்பது மீனோடு வந்தான். பையில் கட்டி வைத்திருந்த மிளகாய்த்தூளைப் போட்டு தேவாலய அடுப்பில் குழம்பு வைத்தான். தீயணைப்புப் படை முழுவதும் கண்ணால் நீர் ஓட ஓட வழித்து நக்கியது. அன்றிலிருந்து அவனைக் கண்டால் வாகனத்தை நிறுத்திக் கை கொடுப்பார்கள். "சிவா! சிவா!" அவனும் திரும்பிப் பார்த்துக் கை காட்டுவான். தன் பெயரில்லாத பெயருக்குத் திரும்பிப் பார்க்க அவன் நாலே நாளில் பழகியிருந்தான்.

இருபத்தியிரண்டாம் நாள் காலை. சும்மா இருந்து தின்னக் கூச்சப்பட்டு, தேவாலய வாசலில் பனி வழிக்கப் போனான். கூதிர் பழகாத நெஞ்சு. பனி அள்ளும் சவளைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தான். பாதிரியாரின் மனைவி ஏதோ செபிக்கிறான் என்று நினைத்துப் பேசாமல் கடந்து போனாவாம்.

எங்களுடைய கனடாத் தேதிக்கு அப்போது ஆறு நாள் இருந்தது. சவிரிமுத்து என்று சொன்னால் பாஸ்போட் பொய்யாகும். அவனோடு வந்த என்னைப் பிடித்து விசாரிப்பார்கள். தேதி தவறும். இவ்வளவும் அந்த நீலப் பேனையைக் கையில் எடுத்த நேரத்துக்குள் எனக்கு ஓடி முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் கணக்கில் நான் கெட்டிக்காரன்.

ஊரே காசு சேர்த்துப் புதைத்தது. சவப்பெட்டி செய்பவர் பெட்டிக்கு ஒன்றும் வாங்கவில்லை. சிறிய கருங்கல் ஒன்று நட்டார்கள். மேலே 'சிவஞானம்'. கீழே இங்கிலீசில் ஒரே வரி: 'எங்கள் விருந்தாளி.'

ஒவ்வொரு வைகாசியிலும், கேட்பாரில்லாத கல்லறைகளுக்குத் தேவாலயப் பெண்கள் சிவப்பு ஜெரேனியம் நடுவார்கள். இவனுக்கும் நட்டார்கள். பிறகு கோயிலுக்குள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பாஸ்போட்டின் சொந்தக்காரனான அசல் சிவஞானம் பாரிசில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான், கல் மாதிரி இருக்கிறான். அவனுக்கு இருபது வருடமாக அமெரிக்காவில் பூக்கன்று வைக்கிறார்கள்.

லொறிக் கதவு

எனக்கு வந்தது சொந்தப் பெயரில் கனடா. கோப்பை கழுவினேன். துறைமுகத்தில் கொண்டெயினர் ஏற்றினேன். ஒரு லொறி இரண்டாகி, இரண்டு பதினொன்றாகியது. மொன்றியலில் லொறிக் கதவில் தமிழ் எழுத்தில் தன் பெயரை எழுதியவன் எனக்கு முதல் ஒருவன் இருந்தால் முன்னுக்கு வரட்டும். பதினொரு லொறியும் இருபத்தியிரண்டு கதவும். மொன்றியலின் ஏரிக்கரை இல்-பிசாரில் வீடு, மூன்று வாகனம் நிற்கும் கராஜ். வக்கீல் படித்தவர்கள் ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் வாடகை மாடிக்குப் படியேறிக் கொண்டிருந்தபோது நான் ஏரிக்கரையில் சொந்த முற்றத்துப் புல்லு வெட்டினேன்.

என் லொறிகள் அந்தக் கவுண்டி ஆப்பிளைத்தான் கூடுதலாக ஏற்றின. கல்லறைக்குத் திரும்பும் றோட்டில் நான் ஒருநாளும் திரும்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடத்தில், கவுண்டியின் சரித்திரக்காரி எனக்குக் கடிதம் போட்டா. அந்த மாநிலத்தில் ஊருக்கு ஊர் ஒரு சரித்திரக்காரர் இருக்கவேண்டும் என்பது சட்டம். இவவின் பெயர் மார்ஜரி கிறீன்வூட். மாடு வைத்திருந்த வீட்டுக்காரி, எழுபது வயது, கையில் இன்னும் பால் கறந்த காய்ப்பு. கவுண்டிக்கு ஒரு பெரிய புத்தகம் போடுகிறாவாம். அகதிகள் வந்த பனிக்காலத்துக்கும் அதில் ஓர் அத்தியாயமாம்.

விடுவேனா? புது லொறியிலேயே போய் இறங்கினேன். பழைய மறியற்சாலைதான் அவவின் கந்தோர். கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்து, ஒலிப்பதிவுப் பெட்டியை முன்னால் வைத்து, இரண்டு மணித்தியாலம் என் சரித்திரத்தைச் சொன்னேன். லொறிக் கதவோடு என்னைப் படம் எடுத்தா. இருபது புத்தகத்துக்கு அங்கேயே சொல்லிவைத்தேன்.

புறப்படும்போது கேட்டா: "உங்கள் நண்பர் சிவஞானம் எப்படிப்பட்டவர்?"

"நல்ல மனிதர்" என்றேன். லொறியில் ஏறினேன்.

அதன் பிறகு கலியாண வீடு, சாமத்திய வீடு, சங்கக் கூட்டம், எங்கே போனாலும் இதே கதைதான். "அமெரிக்காச் சரித்திரத்தில என்ர படம் வருகுது." வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

லொங்குய்யில் இருந்து ஒரு குரல்

"அண்ணை, நான் பேசாலைத் திரேசம்மா. சவிரிமுத்துவின்ர பெண்சாதி. மகள் ஜெசிந்தா ஸ்பொன்சர் பண்ணி வந்து நாலு மாசம். நீங்கள்தானே அவரோட வந்தனீங்கள்?"

"ஓம் தங்கச்சி" என்றேன் ரெலிபோனில்.

மொன்றியல் வந்து சேர்ந்த கையோடு அவவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். நெஞ்சுநோ, நல்ல அடக்கம், கோயில் காணி என்று. கல்லைப் பற்றி எழுதவில்லை.

"கல்லு வைச்சிருக்கினமே?"

"வைச்சிருக்கினம்."

"என்ன பேர் போட்டிருக்கு?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. சொன்னேன். அழுதுதான் கதைப்பா என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு வேறொண்டும் வேண்டாம் அண்ணை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவருக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்தோணும். வேற ஒருத்தன்ர பேருக்கு முன்னால நான் எப்பிடிக் கொழுத்துறது? அந்தப் பேரை மாத்தித் தாங்கோ."

மார்ஜரியிடம் போனேன். கல்லில் இருப்பது அவனுடைய பெயரில்லை என்று சொன்னேன். தன் கந்தோர் யன்னலால் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினா.

"என் கணவரின் பாட்டனார் கியூபெக்கில் இருந்து வந்தவர். புவாவேர் என்று பெயர். பச்சைக் காடு என்று அர்த்தமாம். சுரங்கக்காரனுக்கு வாயில் வரவில்லை, கிறீன்வூட் என்று எழுதினான். இந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் படுத்திருக்கிறார்கள்."

ஆறுதலுக்குச் சொன்னா. அந்தப் பாட்டன் உயிரோடு அந்தப் பெயரில் சம்பளம் வாங்கினான், பிள்ளை பெற்றான். இவன் என்ன செய்தான்? நாலு நாள் கை காட்டினான்.

"மாற்றலாம்" என்றா. "ஆனால் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அது பொய் என்று நீங்களே சத்தியக் கடுதாசி எழுதித் தரவேண்டும். கவுண்டி அதைத்தான் கேட்கும்."

"கட்டாயம் தாறன்" என்றேன்.

பேந்து

மொன்றியலுக்கு வந்து ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் எல்லையில வரிசையில நிக்காமல் போறதுக்கு ஒரு அட்டை வைச்சிருக்கிறியள். அமெரிக்காவில பொய்க் கையெழுத்துப் போட்டன் எண்டு நீங்களே எழுதிக் குடுத்தால், அட்டை போகும். நீங்களும் அங்கால போகேலாமல் வரலாம். இப்ப காலம் பழைய காலமில்லை."

உண்மைதான். நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த பிறகு எல்லையில் ஆப்பிள் பெட்டியைக் கூட நாய் விட்டு மணந்து பார்த்தார்கள். சட்டத்தரணி எழுதித் தந்த சத்தியக் கடுதாசியைக் கையெழுத்துப் போடாமல் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

திரேசம்மா ரெலிபோன் எடுத்தா. "பேந்து பாப்பம் தங்கச்சி" என்றேன். ஆறு மாதத்தில் திரும்ப எடுத்தா. "பேந்து." அடுத்த ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. "எல்லைக் கெடுபிடி குறையட்டும், பேந்து." இப்படி மூன்று கார்த்திகை போனது. என் மனைவி பரமேஸ் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "உங்கட பேர் இருபத்திரண்டு கதவில கிடக்கு. அந்த மனிசன்ர பேர் ஒரு கல்லில கிடக்கக்கூடாதோ?"

"உனக்கென்ன தெரியும்? நாப்பது குடும்பம் என்ர லொறியில சாப்பிடுது" என்று கத்தினேன். அதுவும் உண்மை. உண்மையை வைத்து எதையும் மறைக்கலாம்.

நாலாவது வருடம் திரேசம்மா என்னைக் கேட்கவில்லை. அமெரிக்க விசா எடுத்து, மகளோடு பஸ் ஏறித் தானே போய்விட்டா. கலியாணப் படத்தையும், பேசாலைக் கோயிலின் ஞானஸ்நானத் துண்டையும் மார்ஜரிக்கு முன்னால் வைத்தாவாம். அது அவன் யார் என்று காட்டும். கல்லுக்குக் கீழே கிடப்பவன் அவன்தான் என்று காட்டாது. அதைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

அன்று பின்னேரமே மார்ஜரி என்னை அழைத்தா. "அந்தப் பெண் சொல்வது உண்மை என்று இப்போதாவது எழுதித் தருவீர்களா?"

"என்ர பேரைப் போடவேண்டாம்" என்றேன். "படத்தையும் எடுத்துவிடுங்கோ. நான் சொன்ன எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ."

"நான் கேட்டது அதில்லை."

நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

நூற்றிப் பதினேழாம் பக்கம்

திரேசம்மா போன மார்கழியில் காலமானா. லொங்குய் கோயிலில் பூசை. கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசியில் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. கையில் கவுண்டிப் புத்தகம்.

"இரு பிள்ளை. கோப்பி குடிக்கிறியோ?"

"இல்லை மாமா. உங்களுக்கு இங்கிலீசு வாசிக்கக் கஷ்டமெண்டு அம்மா சொன்னவ. அதான் வாசிச்சுக் காட்ட வந்தனான்."

நூற்றிப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள். ஒரு வரி இங்கிலீசு, ஒரு வரி தமிழ் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பெற்றோல் நிலையம் வந்தது. பள்ளிக்கூட பஸ் வந்தது. முப்பது மீனும் குழம்பும் வந்தது. பிறகு இது:

"'இங்கே புதைக்கப்பட்டவரின் உண்மையான பெயர் சவிரிமுத்து என்று அவருடைய மனைவி எங்களிடம் சொன்னார். இறந்த அன்று அவரை அடையாளம் காட்டிய நண்பர் மொன்றியலில் வசிக்கிறார். அவர் பேச விரும்பவில்லை.'"

புத்தகத்தை மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய லொறிப் படத்தைப் பார்த்தாள்.

நான் எழும்பி உள்ளே போய், அன்று சட்டத்தரணி எழுதித் தந்திருந்த கடுதாசியை எடுத்துவந்தேன். நாலு வருடமாக லாச்சியில் கிடந்தது. அவளுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.

"இப்ப ஆருக்கு மாமா இது?" என்றாள். ஆனாலும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கல்லு மாத்தினால் சொல்லு பிள்ளை. நானும் வாறன்."

"நீங்கள் வரவேண்டாம்."

கும்பனி இப்போது மகனின் பெயரில். எல்லை அட்டை எனக்குத் தேவையில்லை. அதனால்தான் கையெழுத்துப் போட முடிந்தது, அதனால்தான் இதை எழுதவும் முடிகிறது. துணிவு என்று ஒருவரும் எனக்குப் பட்டம் தரவேண்டாம்.

நான் சொல்லிவைத்த இருபது புத்தகமும் தபாலில் வந்து சேர்ந்தன. இரண்டு பெட்டி. கராஜில், பனிக்கால ரயர்களுக்குக் கீழே இருக்கின்றன. இன்னும் பிரிக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது, எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

மொன்றியலில் வசிக்கும், பேச விரும்பாத அந்த நண்பர் நான்தான். பெயர் பொன்னையா குணரத்தினம். பிங்பொங் மேசையில் கிடந்தவன் பேசாலைச் சவிரிமுத்து. திரேசம்மாவின் புருசன்.